குற்றத் தொடர்களில் அறிவுக்கூர்மையுள்ள துப்பறிவாளரைப் படைத்தல்

கிடைக்கும் தடயங்களைக் கொண்டு ஒரு குற்றம் எப்படி நடந்தது, யார் செய்தது என்று கண்டறியும் கதைமாந்தர் துப்பறிவாளர் ஆவார். தொலைக்காட்சித் தொடர்களிலும் இணையத் தொடர்களிலும் அவரை மற்ற பாத்திரங்கள் 'மூளைக்காரர்' என்று புகழ வைப்பது எளிது. பார்வையாளர் தாமாகவே அப்படி உணரும்படி எழுதுவது கடினம். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

இதற்குக் கோயம்புத்தூரும் கொங்கு வட்டாரமும் பொருத்தமான எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன. தமிழில் மிக அதிகமாகக் குற்றப் புதினங்கள் எழுதியவர்களுள் ஒருவரான ராஜேஷ்குமார் கோவைக்காரர். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி காவலில் அடிக்கப்பட்ட அனுபவத்தை 'லாக்கப்' என்ற நூலாக எழுதிய மு. சந்திரகுமாரும் கோவைக்காரர்தான். ஒருவர் மூளையால் குற்றவாளியைப் பிடிக்கும் துப்பறிவாளரைப் படைத்தார். மற்றவர் மூளைக்குப் பதில் லத்தி வேலை செய்தால் என்ன நடக்கும் என்று காட்டினார். துப்பறியும் தொடர் எழுத விரும்புபவர் இந்த இரண்டு எழுத்துகளையும் அறிந்திருப்பது நல்லது.

பின்னணி

தமிழில் துப்பறியும் கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் தொடக்க கால எழுத்தாளர்கள். பின்னர் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி எனத் தலைமுறைக்கொரு துப்பறிவாளர் வந்தனர்.

ராஜேஷ்குமார் 1947-ல் கோவையில் பிறந்தார். இயற்பெயர் ராஜகோபால். 1,500-க்கும் மேற்பட்ட புதினங்களை எழுதியவர். இவருடைய துப்பறிவாளர் விவேக், மனைவி ரூபலா. தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் இரண்டு கதைகளை அத்தியாயம் விட்டு அத்தியாயம் நகர்த்தி, இறுதியில் ஒரே புள்ளியில் இணைப்பது இவருக்குப் பழக்கமான உத்தி. இன்றைய இணையத் தொடர்கள் பலவும் இந்த அமைப்பைத்தான் கையாள்கின்றன. இவருடைய புதினத்தை அடிப்படையாகக் கொண்டு அறிவழகன் இயக்கிய 'குற்றம் 23' 2017-ல் திரைக்கு வந்தது.

இணையத் தொடர்களில் 2022 குறிப்பிடத்தக்க ஆண்டு. 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி' ஆகிய மூன்று தமிழ்க் குற்றத் தொடர்களும் அவ்வாண்டில்தான் வெளியாயின. மூன்றிலும் மையத்தில் இருப்பவர் தனியார் துப்பறிவாளர் இல்லை. காவல் உதவி ஆய்வாளர். 'வதந்தி'யில் எஸ். ஜே. சூர்யா ஏற்ற பாத்திரத்தின் பெயரும் விவேக் என்பது ராஜேஷ்குமார் வாசகர்களுக்குச் சுவையான ஒற்றுமை.

எழுதுபவரை விட அறிவாளியான பாத்திரம்

எழுதுபவர் சராசரி அறிவுள்ளவராக இருந்தால் மேதையான ஒரு பாத்திரத்தை எப்படி எழுத முடியும் என்ற ஐயம் பலருக்கு எழும். எழுதுபவருக்கு இரண்டு வசதிகள் உள்ளன.

முதலாவது, நேரம். திரையில் துப்பறிவாளர் 10 நொடியில் சொல்லும் முடிவை எழுத்தாளர் 10 நாள் யோசித்து எழுதலாம்.

இரண்டாவது, விடை. துப்பறிவாளர் தடயத்திலிருந்து குற்றத்துக்குப் போகிறார். எழுத்தாளர் குற்றத்திலிருந்து தடயத்துக்கு வருகிறார். யார், ஏன், எந்த நேரத்தில், எந்த வழியாக வந்து என்ன செய்தார் என்பதை முதலில் முழுமையாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் இடத்திலும் பொருளிலும் மனிதரிடத்திலும் என்ன மிச்சம் வைக்கும் என்று பட்டியலிட வேண்டும். அந்த மிச்சங்கள்தான் தடயங்கள். கதையைத் தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே போய், கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியைத் தேர்ந்தெடுத்தால் தடயங்கள் ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

ஆர்தர் கோனன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஜோசப் பெல். நோயாளியின் தோற்றத்தையும் நடையையும் பார்த்தே அவருடைய தொழிலைச் சொல்லும் பழக்கம் பெல்லுக்கு இருந்தது. ஷெர்லக் ஹோம்ஸுக்கு அவரே முன்மாதிரி. 1887-ல் வெளிவந்த முதல் புதினத்தில் வாட்சனைப் பார்த்தவுடன் அவர் ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர் என்று ஹோம்ஸ் சொல்கிறார். கேட்கும்போது மந்திரம் போல இருக்கிறது. வெயிலில் கறுத்த முகம், கறுக்காத மணிக்கட்டு, காயம்பட்ட கை, மருத்துவருக்கும் படைவீரருக்கும் உரிய தோரணை என்று காரணங்களைக் கேட்டதும் 'அட, நமக்கும் தெரிந்திருக்குமே' என்று தோன்றுகிறது. முதலில் வியப்பும் பிறகு 'இவ்வளவுதானா' என்ற உணர்வும் வந்தால் எழுத்தாளர் வென்றார். வியப்பு மட்டும் வந்து காரணம் வராவிட்டால் அங்கே காட்டப்படுவது ஜோதிடம்.

தடயம் பார்வையாளர் கண்ணிலும் பட வேண்டும்

துப்பறிவாளர் எந்தத் தடயத்தால் விடை கண்டாரோ, அந்தத் தடயம் விடைக்கு முன்பே பார்வையாளருக்கும் காட்டப்பட்டிருக்க வேண்டும். 1929-ல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் இதுவும் ஒன்று. எல்லா விதிகளும் இன்று செல்லுபடியாவதில்லை. இது மட்டும் நிற்கிறது. 'நேற்றே ஆய்வகத்துக்கு அனுப்பி வைத்திருந்தேன்' என்று கடைசிக் காட்சியில் ஒரு அறிக்கையை எடுத்து நீட்டும் அதிகாரி அறிவாளி ஆகிவிடுவதில்லை. நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

காட்டவும் வேண்டும், கவனிக்க விடவும் கூடாது. இதற்குச் சில வழிகள் உண்டு.

1. தடயத்தை வேறொரு காரணத்துக்காகக் காட்டுதல். ஒரு சண்டைக் காட்சியில் ஒருவர் இடது கையால் டம்ளரை எறிகிறார். நாம் கோபத்தைப் பார்க்கிறோம். துப்பறிவாளர் கையைப் பார்க்கிறார்.

2. தடயத்தைப் பட்டியலின் நடுவில் வைத்தல். அறையில் கிடந்த ஆறு பொருள்களில் மூன்றாவது பொருள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

3. தடயத்தைச் சிரிப்போடு கொடுத்தல். பேச்சில் நகைச்சுவையாக வந்துபோன தகவலை எவரும் சந்தேகிப்பதில்லை.

4. இல்லாததைத் தடயமாக்குதல். கோனன் டாயிலின் ஒரு சிறுகதையில், குதிரை திருடப்பட்ட இரவில் காவல் நாய் குரைக்கவில்லை என்பதே தடயம். வந்தவர் நாய்க்குப் பழக்கமானவர் என்பது அதிலிருந்து தெரிகிறது. நடந்ததைக் காண எவராலும் முடியும். நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்பதைக் காண அறிவு வேண்டும்.

திரையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. புதினத்தில் ஒரு வரியில் ஒளிக்கக்கூடியதைக் கேமரா அருகில் போய்க் காட்டினால் ரகசியம் உடைந்துவிடும். ஆகவே திரைக்கதையில் தடயம் பெரும்பாலும் காட்சியின் ஓரத்தில், ஒருவரின் பழக்கமான கையசைவாக இடம்பெறுவது நல்லது. எண்ணத்தைக் காட்டுவதும் திரையில் கடினம். 2010-ல் தொடங்கிய பிரிட்டனின் 'ஷெர்லக்' தொடர் அவர் கவனிப்பவற்றைத் திரையிலேயே எழுத்துகளாக மிதக்கவிட்டது. புதுமையாக இருந்தது, பலர் நகலெடுத்ததும் சலித்தது. செலவில்லாத வழி, துப்பறிவாளரைச் சரியான கேள்வி கேட்க வைப்பது. கேள்வியிலேயே அவருடைய எண்ணம் தெரிந்துவிடும்.

குற்றவாளி யார் என்பதை முதலிலேயே காட்டிவிடும் முறையும் உண்டு. அமெரிக்காவின் 'கொலம்போ' தொடர் இப்படி அமைந்தது. கொலையைப் பார்த்துவிட்ட பார்வையாளருக்கு எஞ்சுவது ஒரே கேள்வி: கசங்கிய மேலங்கி போட்ட இந்த மனிதர் எதை வைத்துப் பிடிக்கப் போகிறார்? துப்பறிவாளரின் அறிவே கதை ஆகிவிடுவதால், எழுதிப் பழகுபவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

வட்டார அறிவு என்னும் கருவி

வேதியியல், துப்பாக்கி, மனநோய் ஆகியவற்றை அறிந்தவர்தான் அறிவாளி என்ற எண்ணம் அயல்நாட்டுத் தொடர்களிலிருந்து வந்தது. ஒரு ஊரில் எது இயல்பு என்பதை அறிந்தவருக்கே எது இயல்பு மீறியது என்பது கண்ணில் படும். இந்த அறிவை எழுத்தாளர் நூலகத்தில் மட்டும் பெற முடியாது. சந்தையிலும் பேருந்திலும் பட்டறையிலும் கேட்டுப் பெற வேண்டும். கொங்கு வட்டாரத்திலிருந்து சில எடுத்துக்காட்டுகள்:

காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்காக வலுவாக வீசும். அங்குள்ள காற்றாலைகளுக்கு அதுவே ஆதாரம். ஆடி மாதத்தில் தென்னந்தோப்பு எரிந்தபோது 'புகை மேற்கே போச்சு, அதனால் எனக்குத் தெரியலே' என்று தோப்புக்குக் கிழக்கே குடியிருப்பவர் சொன்னால், அந்த ஊர் தலைமைக் காவலருக்கு உடனே சந்தேகம் வரும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி எழுதிக்கொண்டு போய்விடுவார்.

உறவுச் சொல். கொங்குப் பகுதியில் தந்தையின் தந்தை அப்பாரு; தாயின் தந்தை அப்புச்சி. மகன் வழிப் பேரன் என்று சொல்லிச் சொத்துக்கு உரிமை கேட்டு வந்தவர், பேச்சுவாக்கில் இறந்தவரை அப்புச்சி என்று குறிப்பிட்டால் அந்த ஒரு சொல் போதும். பார்வையாளரும் அதைக் கேட்டிருப்பார். பாசமாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கடந்திருப்பார்.

கணக்கு. இங்கே பல குற்றங்கள் கத்தியால் நடப்பதில்லை, கணக்கால் நடக்கின்றன. பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் மாதந்தோறும் பணம் தருவதாகச் சொல்லி முதலீடு திரட்டி 2012-ல் சரிந்தன. இப்படி ஒரு கதையில் துப்பறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி எளியது: 'இந்தக் கோழியையும் முட்டையையும் கடைசியில் விலை கொடுத்து வாங்குவது யார்?' வாங்குபவர் இல்லையென்றால், பழைய முதலீட்டாளருக்குப் போகும் பணம் புதிய முதலீட்டாளருடையது. எல்லோரும் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசும்போது சந்தையைப் பற்றிக் கேட்பவரே அறிவாளி.

தொழில். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகள், நாமக்கல் முட்டையும் லாரியும், ஈரோட்டு மஞ்சள், திருப்பூர்ப் பின்னலாடை, சோமனூர்–பல்லடம் விசைத்தறி, கோவையின் பம்ப்செட்டும் வார்ப்படமும் என ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொழில் உண்டு. ஒவ்வொரு தொழிலும் கையில் ஒரு தழும்பையும், உடையில் ஒரு கறையையும், தூக்கத்தில் ஒரு நேரப் பழக்கத்தையும் விட்டுவைக்கும். ஹோம்ஸ் லண்டனில் பார்த்தது இதைத்தான்.

மாதிரிக் கதை: நிற்காத தறி

மேலே சொன்னவற்றை ஒரு கற்பனை வழக்கில் பொருத்திப் பார்க்கலாம். முதலில் உண்மையை எழுதிக்கொள்வோம்.

பல்லடத்துக்கு அருகே சாதாரணத் தறிகள் எட்டு ஓடும் கூடம். உரிமையாளர் கை விரல்களில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார். இரவுப் பணியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரே ஒரு தொழிலாளி. நள்ளிரவுக்குப் பிறகு, 'போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்' என்று உரிமையாளர் சொல்ல, தொழிலாளி மெயின் ரோட்டுத் தேநீர்க் கடைக்குப் போகிறார். அந்த நேரத்தில் கூட்டுத்தொழில் செய்யும் மச்சான் பின்வழியாக வருகிறார். கணக்கில் அவர் செய்த மோசடி தெரிந்துவிட்டதால் வாக்குவாதம். நூல் அறையில் கொலை நடக்கிறது. தொழிலாளி திரும்பி வரும் சத்தம் கேட்டதும் மச்சான் வந்த வழியே போய்விடுகிறார். தறிகள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த தொழிலாளி வேலையைத் தொடர்கிறார். காலையில் உடல் கண்டெடுக்கப்படுகிறது.

இனி இந்த உண்மை எதை மிச்சம் வைத்தது என்று பார்ப்போம். சாதாரணத் தறியில் ஊடை நூல் நாடாவுக்குள் இருக்கும் தாரிலிருந்து வருகிறது. தாரில் நூல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் தறி நிற்கும். ஆள் வந்து வேறு தார் மாற்ற வேண்டும். தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகியவர்கள். சத்தம் கேட்டு அவர்கள் எழுவதில்லை. சத்தம் நின்றால் எழுவார்கள். கொலை செய்த மச்சானுக்கு இது தெரியும். அதனால் தொழிலாளி திரும்பும்வரை அவரே தார் மாற்றிக்கொண்டிருந்தார்.

விசாரணையில் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார்: "ராத்திரி பூரா தறி ஓடிட்டேதான் இருந்துச்சு கண்ணு. நின்னிருந்தா நான் முழிச்சிருப்பேன்." நிலைய அதிகாரிக்கு இது வலுவான சாட்சியாகத் தெரிகிறது. தறி ஓடியதால் உரிமையாளர் உயிரோடு தார் மாற்றிக்கொண்டிருந்தார். எனவே தொழிலாளி திரும்பிய பிறகுதான் கொலை நடந்தது. எனவே கொன்றவர் தொழிலாளி. தர்க்கம் ஒழுங்காகவே இருக்கிறது. இப்படி ஒரு நல்ல தவறான விடை இருந்தால்தான் சரியான விடைக்கு மதிப்பு வரும்.

துப்பறியும் பெண் ஆய்வாளர் ஒரு தாரை எடுத்து, தம் இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு நாடாவில் மாட்டிப் பார்க்கிறார். முடியவில்லை. பிறகு பாட்டியிடம் திரும்பப் போய்க் கேட்கிறார்: "ஆத்தா, ஒரு தறி கூடவா நிக்கலே?" கட்டுப் போட்ட கையால் எட்டுத் தறிக்கும் தார் மாற்ற முடியாது. தறிகள் ஒவ்வொன்றாக நின்று சத்தம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஆகவே அங்கே தொழில் தெரிந்த மூன்றாவது ஆள் இருந்தார்.

மச்சான் தமக்குத் தறியைப் பற்றி எதுவும் தெரியாது, வரவு செலவு மட்டும்தான் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் அத்தியாயத்தில், கடன் பற்றி உரிமையாளரோடு கத்திப் பேசும்போது, அறுந்து தொங்கிய ஒரு பாவு இழையைப் பார்க்காமலேயே பிடித்து நொடியில் முடிச்சுப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நாம் கடனைக் கவனித்தோம். உரிமையாளரின் கைக்கட்டும் அதே காட்சியில் இருந்தது. தடயம் ஒன்றும் ஒளிக்கப்படவில்லை.

ஊகம் வழக்கு ஆகாது. அதைச் சான்றாக மாற்ற வேண்டும். தேநீர்க் கடைக் கேமராவில் தொழிலாளி இருந்த நேரம், கூடையில் கிடக்கும் காலித் தார்களில் மச்சானின் விரல்ரேகை, கணக்கேட்டில் இருக்கும் மோசடி ஆகிய மூன்றும் அடுத்த அத்தியாயத்தின் வேலை.

உடன் இருப்பவர்

வாட்சன், வசந்த், ரூபலா போன்றவர்கள் துப்பறிவாளர் தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லக் காரணமாகிறார்கள். பார்வையாளர் கேட்க நினைப்பதை அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் உடன் இருப்பவரை முட்டாளாக்கினால் துப்பறிவாளரின் உயரம் கூடாது. முட்டாள்களுக்கு நடுவில் எவரும் அறிவாளிதான். உடன் இருப்பவர் நியாயமான, ஆனால் தவறான விளக்கம் ஒன்றைத் தர வேண்டும். சில நேரம் அவரே சரியாகவும் இருக்க வேண்டும். காவல் நிலையக் கதைகளில் இந்த இடத்துக்கு மிகப் பொருத்தமானவர், பல ஆய்வாளர்களைப் பார்த்துவிட்ட மூத்த தலைமைக் காவலர். 'விலங்கு' தொடரின் உயிர் அந்த நிலையத்தின் அன்றாடத்தில் இருக்கிறது. கண்டெடுத்த சடலத்தின் தலை காவலில் இருக்கும்போதே காணாமல் போக, வழக்கை விட மேலதிகாரியின் கோபத்துக்கு அஞ்சும் காவலர்களை அது நம்பும்படி காட்டியது.

தவறு செய்யும் உரிமை

எப்போதும் சரியாக இருப்பவர் மீது பார்வையாளருக்கு அக்கறை வருவதில்லை. 'சுழல்' தொடரின் முதல் பருவத்தில் சிமெண்ட் ஆலை எரியும் இரவில் தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். விசாரிக்கும் உதவி ஆய்வாளர் சக்கரை அதே ஊரில் வளர்ந்தவர். எல்லோரையும் தெரியும் என்பதே அவருடைய பலம். தெரிந்தவர்களைச் சந்தேகிக்க முடியாமை அவருடைய பலவீனம். 'வதந்தி'யில் கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். அந்த விவேக்கின் சிறப்பு மின்னல் அறிவு இல்லை, விடாப்பிடி. அந்த விடாப்பிடி அவருடைய குடும்ப வாழ்வைத் தின்கிறது.

இரண்டிலும் பாத்திரத்தின் குறை அறிவு குறைந்ததால் வரவில்லை. அவருடைய இயல்பிலிருந்து வருகிறது. துப்பறிவாளர் தவறும்போது அவர் ஏன் தவறினார் என்பது பின்னர் புரிய வேண்டும். கதையை இழுப்பதற்காக வெளிப்படையான தடயத்தை அவர் இரண்டு அத்தியாயம் கவனிக்காமல் இருந்தால் அது எழுத்தாளரின் தவறு.

கேமராவும் செல்போன் கோபுரமும்

எஸ்.டி.டி. பூத் காலத்துத் துப்பறிவாளர் தேடி அலைந்த தகவல்கள் இன்று ஒரு விண்ணப்பத்தில் கிடைக்கின்றன. 'டவர் லொகேஷன் எடுங்க' என்ற வசனத்தால் பல தொடர்களில் மர்மமே முடிந்துவிடுகிறது. இதைச் சமாளிக்கக் கருவிகளைக் கெடுக்க வேண்டியதில்லை; அவற்றின் எல்லையைத் தெரிந்துகொண்டால் போதும். கோபுரப் பதிவு செல்போன் இருந்த பகுதியைச் சொல்லும். அதை யார் வைத்திருந்தார் என்று சொல்லாது. கேமரா கடந்துபோன வண்டியைக் காட்டும், நோக்கத்தைக் காட்டாது. உடற்கூறாய்வு இறந்த நேரத்தைத் தோராயமான சில மணி நேர இடைவெளியாகவே தரும். '2 மணி 10 நிமிடம்' என்று சொல்லும் மருத்துவர் தொடர்களில் மட்டுமே இருக்கிறார். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவும் இதைச் சொல்கின்றன. கருவி தகவலைத் தரட்டும். அதன் பொருளைத் துப்பறிவாளர் தரட்டும்.

அடி என்னும் குறுக்குவழி

தமிழ்த் தொடர்களில் துப்பறிவாளரின் அறிவை அழிக்கும் மிகப் பெரிய வழக்கம், சந்தேகிக்கப்படுபவரை ஓர் அறைக்குள் அடைத்து அடித்து உண்மையைச் சொல்ல வைக்கும் காட்சி. திரைக்கதைக்கு இது வசதி: மூன்று அத்தியாயமாக அவிழாத முடிச்சு மூன்று நிமிடத்தில் அவிழ்ந்துவிடும். ஆனால் அதுவரை எழுதிய தடயங்கள் எல்லாம் வீணாகிவிடுகின்றன. அடித்துத்தான் உண்மை வரும் என்றால் துப்பறிவாளர் எதற்கு?

சட்டமும் இதை ஏற்பதில்லை. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25-வது பிரிவில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23-வது பிரிவும் அதையே கூறுகிறது. காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டுமே சான்றாகும். ஆகவே அடித்து வாங்கிய ஒப்புதலோடு முடியும் தொடரில், அடுத்த நாள் நீதிமன்றத்தில் குற்றவாளி வெளியே வந்துவிட வாய்ப்புண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஒப்புக்கொண்டவர் குற்றவாளியாக இல்லாமலும் இருக்கலாம் என்பது. பிழைப்புக்காக ஆந்திராவின் குண்டூருக்குப் போயிருந்த சந்திரகுமாரும் நண்பர்களும் 1983-ல் அங்கே பிடிக்கப்பட்டு, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்பட்டனர். மொழி தெரியாத, கேட்க ஆளில்லாத வெளியூர்த் தொழிலாளிகள் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுக்கப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் கோவையில் ஆட்டோ ஓட்டியபடி அவர் எழுதிய 'லாக்கப்' நூலை ஆதாரமாகக் கொண்டு வெற்றிமாறன் 'விசாரணை' படத்தை இயக்கினார். 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட அப்படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த உத்தரவிட்டது.

மாதிரிக் கதையின் ஒடிசாத் தொழிலாளியை இப்போது நினைத்துப் பார்க்கலாம். அன்று குண்டூரில் கோவைக்காரர் நின்ற இடத்தில் இன்று கொங்கு நாட்டில் அவர் நிற்கிறார். நிலைய அதிகாரி அவரை அடித்திருந்தால் மாலைக்குள் ஒப்புதல் கிடைத்திருக்கும். கதை முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும். தவறான மனிதர் சிறைக்குப் போயிருப்பார். அவரைக் காப்பாற்றியது 'தறி ஏன் நிற்கவில்லை' என்ற ஒரு கேள்வி.

பொதுவான பிழைகள்

- அறிவைக் காட்டுவதற்குப் பதில் மற்றவர் வாயால் புகழ வைத்தல்.
- குற்றவாளி காரணமில்லாமல் தானே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளுதல்.
- அதுவரை அறிமுகமே ஆகாதவர் கடைசியில் குற்றவாளியாதல்.
- அறிவாளி என்றால் முரட்டுத்தனமும் தனிமையும் குடிப்பழக்கமும் உள்ளவர் என்ற அச்சு வார்ப்பு.
- எந்த ஊரில் நடந்தாலும் ஒரே மாதிரி நடக்கும் கதை.

பயிற்சி

எழுதிப் பழக விரும்பும் மாணவர்கள் தங்கள் வீட்டாரின் தொழிலிலிருந்து தொடங்கலாம். அத்தொழிலில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சிறு உண்மையைக் கேட்டு எழுதிக்கொள்ளவும். தார் தீர்ந்தால் தறி நிற்கும் என்பது போல ஒன்று. அந்த உண்மையை அறியாத ஒருவர் எந்தப் பொய்யில் மாட்டிக்கொள்வார் என்று யோசிக்கவும். பிறகு அந்த உண்மையைக் கதையின் முதல் பகுதியிலேயே, வேறு ஏதோ பேச்சின் நடுவில், படிப்பவர் கண்ணெதிரே வைக்கவும். படித்து முடித்தவர் முதல் பக்கத்துக்குத் திரும்பி அதைத் தேடினால் துப்பறிவாளர் உருவாகிவிட்டார்.